பொய்த் தும்மல்

முள்ளிப்பட்டில் சிவப்பிரகாசம் காற்று விட்டு யாரும் கேட்டதில்லை. ஊரை விடுங்கள், கட்டிய மனைவி கிருஷ்ணம்மாளே கேட்டதில்லை. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கும் மனுஷர், இழை ஓட்டும் நாடாவைத் திடீரென்று நிறுத்துவார். ஒரு பொய்த் தும்மல் போடுவார். எழுந்து கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்று, காலி வாளியை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு ஒன்றும் நடக்காதவர் மாதிரி வந்து விட்ட இடத்திலிருந்து நெய்வார். வாளிச் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

"மத்த ஆம்பளைங்க கள்ளுக்கடைக்குப் பூடுவாங்க, சீட்டாடப் பூடுவாங்க. எங்க ஊட்டுக்காரரு வாளி தட்டப் பூடுவாரு" என்று கிருஷ்ணம்மாள் தெருவில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு அதில் பெருமைதான். நாலு பேர் நடுவில் அக்குளைச் சொறிகிற ஆம்பிளைகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள். தன் புருஷன் ஏப்பம் விடும்போதுகூட வாயில் துண்டை வைத்துக்கொள்வதை அவள் ஏதோ கலெக்டர் உத்தியோகம் மாதிரி நினைத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் எண்பத்தோராம் வருஷம் ஆடி மாசத்தில் இடுப்பை உடைத்துக்கொண்டார்.

அன்று காலை தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அரக்கு நிறப் பட்டிழை, கஞ்சி பூசி, காற்றில் லேசாக அலைந்துகொண்டிருந்தது. அது கூலிக்கு வந்த பாவு இல்லை. மகள் கன்னியம்மாளின் கூறைப் புடவைக்கான பாவு. கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டுக் கடமை. ஆனால் போளூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் சம்பந்தி துரைக்கண்ணு, "நெய்யறவரு ஊட்ல பொண்ண எடுத்துட்டு, கூறைய கடையில எடுத்தா ஊரு சிரிக்கும்" என்று ஒரே வார்த்தை பேசி, பட்டையும் சரிகையையும் தானே வாங்கி அனுப்பிவிட்டார். தை மாசம் கல்யாணம். துரைக்கண்ணு சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே சிவப்பிரகாசத்துக்கு அவரிடம் கொஞ்சம் நடுக்கம்.

ஆடிக் காற்றில் எங்கேயோ ஒரு தகரம் பறந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் கன்றுக்குட்டி ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு பாவை நோக்கி ஓடிவந்தது. சிவப்பிரகாசம் குறுக்கே பாய்ந்தார். கன்று திரும்பிப் போய்விட்டது. பாவில் ஓர் இழை அறவில்லை. அவர் மட்டும் கஞ்சித் தண்ணீர் சிந்தியிருந்த கல்லில் சறுக்கி விழுந்தார். தூக்க வந்தவர்களிடம், "மொதல்ல பாவை சுருட்டுங்க" என்றார்.

ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் பின்னால் டாக்டர் சாந்திநாதன் ஆஸ்பத்திரி. சாந்திநாதன் பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பம், பட்டணத்தில் படித்தவர், கைராசிக்காரர் என்று பேர். எலும்பு ஆபரேஷனுக்கு மட்டும் வேலூரிலிருந்து ஒரு டாக்டர் வருவார். அவர் வந்து இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்துவிட்டுப் போனார். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. சிவப்பிரகாசத்துக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில் கிடைத்தது. எதிரில் வேப்பமரம். சாந்திநாதன் மட்டும் வேறு ஒரு வேலையாகப் பட்டணம் போயிருந்தார். பார்த்துக்கொள்ள மேரிக்குட்டி என்ற சின்ன டாக்டரம்மா இருந்தாள்.

மேரிக்குட்டி கோட்டயத்திலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு தமிழ் கற்றவள். அவள் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும். காலையும் மாலையும் வந்து, சிவப்பிரகாசத்தின் நாடியைப் பிடித்துவிட்டுத் தவறாமல் கேட்பாள்.

"காற்று வருகிறதா?"

சிவப்பிரகாசம் ஜன்னலைப் பார்ப்பார். வேப்பமரம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருக்கும். போர்வை படபடக்கும்.

"ஜில்லுனு வருதுங்கம்மா" என்பார்.

"நன்றாக வருகிறதா?"

"ரொம்ப நல்லா வருதுங்க. ராத்திரில்லாம் நிக்கவே இல்ல."

"மிகவும் சந்தோஷம்" என்று அவள் அடுத்த கட்டிலுக்குப் போவாள்.

"எம்மாம் நல்ல பொண்ணு பாருங்க. காத்து வருதா, புழுக்கமா கீதான்னு ஒவ்வொரு தபாவும் கேக்குது" என்று கிருஷ்ணம்மாள் உருகினாள்.

அவளும் தன் பங்குக்கு ஒரு நல்லது செய்துகொண்டிருந்தாள். சிவப்பிரகாசம் கண்ணை மூடினால் ஏதோ முணுமுணுப்பார். பாவம், வலியில் முனகுகிறார் என்று அவள் ஓடிப்போய் நர்ஸ் பூங்காவனத்தைக் கூப்பிட்டு வலி ஊசி போடச் சொல்வாள். ஊசி போட்டதும் தூங்கிவிடுவார். உண்மையில் அவர் கூறைப் புடவையின் முந்தானைக்கு எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதை அவளிடம் சொல்வதற்கு முன்னால் ஊசி வந்துவிடும்.

முதலில் கண்டுபிடித்தது வேட்டிதான். ஒரு நாள் காலை உடம்பைத் துடைத்துவிட்டு வேட்டி சுற்றப் போனாள் கிருஷ்ணம்மாள். முடிச்சு எட்டவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தாள். வயிறு குடமாக நின்றது. விரலால் சுண்டினால் தவில் மாதிரி சத்தம்.

"இன்னாங்க இது, வயிறு இப்டி கீது?"

"லேசா உப்பசம்."

"லேசாவா? ஏழு மாசப் புள்ளத்தாச்சி மாதிரி கீது. வலிக்குதா?"

"வலியில்ல. மூச்சுதான் கொஞ்சம் முட்டுது."

"இத்த ஏன் சொல்லல?"

"வயித்தப் பத்தி போயி அந்தப் பொண்ணுகிட்ட இன்னான்னு சொல்றது" என்றார் சிவப்பிரகாசம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நல்லவேளை, அன்று மத்தியானம் சாந்திநாதன் திரும்பிவிட்டார். வெள்ளைச் சட்டை, ஒல்லியான உடம்பு, அவசரமில்லாத பேச்சு. வயிற்றில் கையை வைத்தார். குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"காத்து பிரியலையா?" என்று மேரிக்குட்டியைக் கேட்டார்.

"பிரிகிறது டாக்டர். நான் இரண்டு வேளையும் கேட்டேன். நன்றாக வருகிறது என்றார். இரவெல்லாம் நிற்கவில்லை என்றார்."

"இந்த வயிறா?" சாந்திநாதன் சிவப்பிரகாசத்தின் பக்கம் குனிந்தார். "அய்யா, காத்து வருதுன்னு சொன்னீங்களா?"

"ஆமாங்க. ஜன்னலாண்டதானே படுத்துகினு கீறேன். ஆடிக் காத்து வராம இன்னா."

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் சலசலத்தது. பூங்காவனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். மேரிக்குட்டிக்கு விஷயம் புரிந்தபோது காது நுனி வரை சிவந்துவிட்டது.

"நான் ஜன்னலைக் கேட்கவில்லை" என்றாள் மெதுவாக.

"அப்போ எந்தக் காத்த கேட்டீங்க?" என்று கேட்ட கிருஷ்ணம்மாளுக்குப் பாதி வார்த்தையிலேயே வெளிச்சம் வந்தது. "ஐயோ, என் தாயே. அந்தக் காத்தா? அத்தப் போயி இவருகிட்ட கேட்டியா? அது முப்பது வருசமா எனக்கே தெரியாதும்மா."

சிவப்பிரகாசம் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மேரிக்குட்டியின் கண்ணில் நீர் முட்டி நின்றது. சாந்திநாதன் அவளைத் திட்டவில்லை. "இனிமே கேக்கறதோட நிறுத்தாத. கையை வெச்சும் பாரு. வா, படம் எடுப்போம்" என்றார்.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வயிறு முழுக்கக் கறுப்பாகப் பெரிய பெரிய வளையம். பெருங்குடல் முழுவதும் காற்று. வலது பக்கம் அடியில் இருந்த வளையம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிசு.

"ரெண்டுல ஒன்னா இருக்கணும்மா. எங்கியாவது கட்டியோ முறுக்கோ அடைச்சிருக்கலாம். இல்லன்னா அடைப்பே இல்லாம அடைச்ச மாதிரி நடிக்கறதா இருக்கலாம். அடைப்புன்னா இன்னிக்கே வயித்தக் கிழிக்கணும். பொய்யடைப்புன்னா கிழிக்கறது பாவம். மொதல்ல எதுன்னு தெரிஞ்சுக்கணும்."

பின்பக்கமாக மெல்லிய குழாய் வழியே வெள்ளை மருந்தை மெதுவாக ஏற்றிப் படம் எடுத்தார்கள். எங்காவது அடைத்திருந்தால் அந்த வெள்ளை அங்கேயே நின்றுவிடும் என்றார் டாக்டர். அது நிற்கவில்லை. இடது பக்கமாக ஏறி, குறுக்கே ஓடி, வலது பக்கம் இறங்கி, அந்தப் பெரிய வளையம் வரைக்கும் சொந்த ஊருக்குப் போகிறது போலப் போய்ச் சேர்ந்தது.

சாந்திநாதன் திரும்பி வந்து கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

"அய்யா, தறி நின்னு போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "எழ அறுந்துச்சான்னு பார்ப்பேன்."

"அறல."

"சிக்கு விழுந்துச்சான்னு பார்ப்பேன்."

"சிக்கும் இல்ல. தறி முழுக்க நல்லா இருக்கு."

போர்வை கொஞ்சம் இறங்கியது. தறி என்றால் அவருக்குக் கூச்சம் மறந்துவிடும். "அப்போ மிதி கட்டின கயிறு தொவண்டிருக்கும். கால் மிதிக்கும், மேல ஒன்னும் அசையாது."

"அதான் உங்க வயித்துல நடந்திருக்கு. குடல்ல ஒரு கோளாறும் இல்ல. அத மிதிக்கிற நரம்பு தூங்கிட்டுது. பெரிய ஆபரேஷன், அசையாத படுக்கை, ரத்தத்துல உப்புக் கொறவு, இதெல்லாம் சேர்ந்தா சில பேருக்கு இப்டி ஆகும். வலி ஊசியும் குடலத் தூங்க வெக்கும். ஊசி நெறைய போட்டிருக்கு."

கிருஷ்ணம்மாள் முன்னால் வந்தாள். "ஊசி நான்தாங்க போடச் சொன்னேன். வலியில மொனகறாருன்னு."

"கணக்குப் போட்டேன்டி" என்றார் சிவப்பிரகாசம்.

"அத்த வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாங்க? வாயும் தொறக்கறதில்ல, வேற ஒன்னும் தொறக்கறதில்ல. முப்பது வருசமா அடக்கி அடக்கி வெச்சதுதான் இப்போ..."

"அடக்கினதால வந்ததில்லம்மா இது. அவரு மேல பழி போடாதீங்க, உங்க மேலயும் போட்டுக்காதீங்க" என்று சாந்திநாதன் குறுக்கிட்டார். பிறகு படத்தை எடுத்து வலது பக்கத்து வளையத்தில் விரலை வைத்தார். "இதுதான் விஷயம். இந்த எடம் இப்பவே ரொம்ப விரிஞ்சிருக்கு. இன்னும் ஒரு விரற்கடை கூடினா வெடிச்சிடும். வெடிச்சா உயிருக்கு ஆபத்து. அதனால நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பேன். கொறையலன்னா, வயித்துல இந்தப் பக்கம் ஒரு தொள போட்டு, குடலக் கொண்டாந்து அதுல தெச்சு, காத்த வெளிய எடுக்கணும்."

சிவப்பிரகாசம் அந்த இடத்தைத் தன் கையால் தொட்டுப் பார்த்தார். "படமரம் இங்கதாங்க இடிக்கும்" என்றார்.

நெய்த புடவை சுருண்டுகொண்டு வரும் உருட்டு மரம் அது. நெசவாளியின் மடியில், வயிற்றை ஒட்டி, நாளெல்லாம் இருக்கும். துளை போட்ட வயிற்றோடு அதன் முன்னால் உட்கார முடியாது.

"மொதல்ல உயிரு. தறி அப்பால" என்றார் டாக்டர்.

"செரிங்க" என்றார் சிவப்பிரகாசம். அந்தச் 'செரிங்க'வைத்தான் கிருஷ்ணம்மாளால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவள் வேப்பமரத்தடிக்கு வந்து நின்று வாய்விட்டு அழுதாள். காற்று அவள் முந்தானையைப் பிடுங்கியது, மண்ணை வாரிக் கண்ணில் போட்டது, ஆஸ்பத்திரிக் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் சுருட்டி மதில்மேல் எறிந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊருல கீற தகரத்தையெல்லாம் பறக்கவிடத் தெரியுது. ஒரு மனுசன் வயித்துலேந்து வெளிய வர வழி தெரியலியா ஒனக்கு?" என்று காற்றைக் கேட்டாள். பிறகு படவேட்டு அம்மனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அங்கேயும் ஒரு சங்கடம். அம்மனிடம் போய் எதை வரவழைக்கச் சொல்வது? "ரேணுகாம்பா, அவருக்கு... அது... ஒனக்குத் தெரியாததா. அது வந்துட்டா பொங்க வெக்கிறேன்" என்று முடித்துக்கொண்டாள்.

வைத்தியம் அன்றே தொடங்கியது. வலி ஊசி நிறுத்தம். வாய்க்கு ஒன்றும் கிடையாது. மூக்கு வழியாக ஒரு குழாய், கையில் உப்புச் சத்து கலந்த குளுக்கோஸ், பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய். அந்தக் கடைசிக் குழாயின் முனையைக் கட்டிலுக்கடியில் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலுக்குள் விட்டிருந்தார்கள்.

"இந்த பாட்டிலயே பார்த்துகினு இருங்க. குமிழி வந்தா நம்ம பக்கம் ஜெயம்" என்றாள் பூங்காவனம். "அப்பறம் ஆளு ஒரே பக்கமா படுக்கக்கூடாது. கொஞ்ச நேரம் இடது, கொஞ்ச நேரம் வலது, கொஞ்ச நேரம் இடுப்புக்குத் தலகாணி வெச்சு குப்புற. புது இடுப்பு முறுக்கிக்காம காலுக்கு நடுவுல தலகாணி குடுத்து, மூணு பேரா சேர்ந்து திருப்பணும். உள்ள கீற காத்து எடம் மாறி எடம் மாறி வழியக் கண்டுபுடிக்கும்."

மேரிக்குட்டி அன்றைக்கு வீட்டுக்கே போகவில்லை. திருப்பும்போதெல்லாம் அவள் ஒரு பக்கம் பிடித்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். சுற்றளவை அளவு நாடாவால் அளந்தாள். கிருஷ்ணம்மாள் அவளை, "நீ ஏன்டிம்மா மூஞ்சியத் தொங்கப்போட்டுகினு கீற? எங்காளு கிட்ட நானே தோத்தவ" என்று தேற்றும்படி ஆகிவிட்டது.

ஆனால் பட்டினி போடுவதைத்தான் கிருஷ்ணம்மாளால் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அடுப்பில் இருந்தது. வாயு என்றால் பூண்டு. மறுநாள் காலை, மகள் கன்னியம்மாள் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு தூக்குப்போசி நிறையப் பூண்டு ரசம் கொண்டுவந்தாள். பூண்டைச் சுட்டு, மிளகு தட்டி, பெருங்காயம் கரைத்து, செத்தவனையும் எழுப்பி உட்காரவைக்கிற ரசம். கிருஷ்ணம்மாள் மூடியைத் திறந்த நேரம் சாந்திநாதன் உள்ளே வந்தார். ஜைனர்கள் பூண்டைத் தொடமாட்டார்கள். வாசற்படியிலேயே அவர் மூக்கு சுருங்கியது.

"இது யாருக்கு?"

"ரெண்டு முழுங்கு போதுங்கய்யா. இது உள்ள போனா..."

"போனா உள்ளயே நிக்கும். ஏற்கெனவே நெறைஞ்ச பானைம்மா அது."

"நேத்துலேந்து மனுசன் வெறும் வயிறு. எப்டிங்க தாங்கும்?"

"நானும் இன்னிக்கி உபவாசந்தான். சதுர்த்தசி. பாருங்க, நடமாடிகினுதானே இருக்கேன்."

பட்டினி கிடக்கிற டாக்டரிடம் பட்டினியைப் பற்றி என்ன நியாயம் பேசுவது? கிருஷ்ணம்மாள் அந்த ரசத்தைத் தானே கோபத்தோடு குடித்துத் தீர்த்தாள். எதிர்க் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு கிடந்த வண்டிக்காரர் வீரன், "எனக்கு ஒரு டம்ளர் கெடைக்காதா" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மத்தியானத்துக்குள் அவர்கள் இரண்டு பேருக்கும் ரசம் நன்றாக வேலை செய்தது. சேரவேண்டிய ஆளுக்கு மட்டும் சேரவில்லை. பாட்டிலில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுபோனது. வயிறு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, பார்ப்போம் என்றார் டாக்டர். கூடவே ஆபரேஷன் அறையைக் கழுவிவைக்கவும் சொன்னார்.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் போளூர் பஸ்ஸில் சம்பந்தி துரைக்கண்ணு வந்து இறங்கினார்.

மல்வேட்டி, தோளில் மடிப்பு கலையாத துண்டு, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். அவர் நடந்து வந்த தோரணையைப் பார்த்து வார்டே எழுந்து உட்கார்ந்தது. சிவப்பிரகாசம் அப்போது வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். மூக்கில் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய். அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எப்டி கீறீங்க சம்பந்தி?"

"நல்லா கீறேனுங்க. குந்துங்க" என்றார், குழாயோடு.

துரைக்கண்ணு உட்கார்ந்தார். பழத்தை எங்கே வைப்பது என்று பார்த்துக் கட்டிலுக்கடியில் வைக்கப் போனார். கிருஷ்ணம்மாள் பாய்ந்து, "அங்க வேணாங்க, அங்க பாட்டிலு கீது" என்று வாங்கிக்கொண்டாள்.

"இன்னா பாட்டிலு?"

"அது... மருந்து."

"அடியில இன்னா மருந்து?" என்று துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். குழாய் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் தொடர்ந்தார். நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பிரகாசம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா பூங்காவனம் வரவேண்டும்? "திருப்பற நேரம். குப்புறப் போடணும். வார்டு பையன் சாப்பிடப் பூட்டான். இன்னும் ஒரு ஆளு வேணுமே" என்று சுற்றிப் பார்த்தாள். வார்டில் இரண்டு காலும் நேராக இருந்த ஒரே ஆம்பிளை துரைக்கண்ணுதான்.

"அவரு எங்க சம்பந்திம்மா. அவரப் போயி..." என்று கிருஷ்ணம்மாள் தடுத்தாள்.

"மல்லாட்ட மூட்ட தூக்கின கை இது" என்று துரைக்கண்ணு துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். "எங்க புடிக்கணும், சொல்லும்மா."

மேரிக்குட்டி காலையும் தலையணையையும் பிடித்தாள். பூங்காவனம் குழாய்களைப் பிடித்தாள். கிருஷ்ணம்மாள் தோள். துரைக்கண்ணு இடுப்புக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, மெதுவாகக் குப்புறக் கவிழ்த்தார். இடுப்புக்குக் கீழ் தலையணை போனது. இடுப்பு உயர்ந்தது.

பாட்டிலில் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு பாட்டில் உலை கொதிப்பது போலக் கொதித்தது.

சிவப்பிரகாசத்துக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாகக் கட்டிக்காத்த மானம் சம்பந்தியின் கையிலேயே போகப்போகிறது. எழுந்து கொல்லைக்கு ஓட முடியாது. தட்டுவதற்கு வாளியும் இல்லை. அவரிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு பொய்த் தும்மல் போட்டார்.

"அச்."

தும்மல் அடங்குவதற்குள் ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் வந்த சத்தம் வார்டின் இந்தச் சுவரில் பட்டு அந்தச் சுவருக்குப் போயிற்று. வெளியே வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பின.

எல்லாரும் துரைக்கண்ணுவைத்தான் பார்த்தார்கள்.

துரைக்கண்ணு முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் ஆயுசு சொல்லி வாழ்த்த வேண்டும் அல்லவா? அவர் முறைப்படி, நிதானமாக, சபையில் மொய் வாசிக்கிற குரலில் சொன்னார்:

"நூறு."

இரண்டாவது வந்தது. அது முதலாவதைவிட நீளம்.

"எரநூறு."

மூன்றாவது வந்தபோது துரைக்கண்ணு, "முந்நூறு" என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை. எங்கேயோ தொண்டையில் பிடித்து, தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, போளூர் மண்டியில் யாருமே பார்க்காத ஒரு சிரிப்பு அவருக்கு வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீரன் கட்டுப்போட்ட காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மேரிக்குட்டி அழுதுகொண்டே சிரித்தாள். கிருஷ்ணம்மாளோ புருஷன் முதுகைத் தடவித் தடவி, "வுடுங்க, வுடுங்க, வெக்கப்படாதீங்க, எல்லாம் நம்ம ஜனந்தான், நல்லா வுடுங்க" என்று சாமி வந்தவள் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலையணைக்குள் ஏதோ குலுங்கியது. அழுகிறாரோ என்று கிருஷ்ணம்மாள் குனிந்து பார்த்தாள். சிவப்பிரகாசமும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாந்திநாதன் ஓடிவந்தபோது வயிறு பாதியாக இறங்கியிருந்தது. கையை வைத்துப் பார்த்தார். மறுபடி படம் எடுத்தார். அந்தப் பெரிய வளையம் சுருங்கி, பக்கத்து வளையங்களோடு வளையமாக ஆகியிருந்தது. "ஆபரேஷன் அறையப் பூட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, வெகுநாள் கழித்துப் பள்ளிக்கூடப் பையன் போல விசிலடித்தார்.

"கத்தி இல்லியாங்க?" என்று கிருஷ்ணம்மாள் கேட்டாள்.

"இல்ல. ஆனா திரும்ப உப்பலாம். இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு கவனமா பார்க்கணும். திருப்பறத நிறுத்தாதீங்க. நாளைக்கு எழுப்பி நிக்க வெப்போம்."

"எதுங்கய்யா வேல செஞ்சுது? உப்புத் தண்ணியா, ஊசிய நிறுத்தினதா, திருப்பினதா?"

"எல்லாந்தான். இதுதான்னு ஒன்ன காட்டி என்னால சொல்ல முடியாது."

"படவேட்டம்மாவையும் சேர்த்துக்குங்க."

"தாராளமா" என்றார் டாக்டர். "மல்லாட்ட மண்டிக்காரரையும் சேர்த்துக்குங்க."

வயிறு மறுபடி உப்பவில்லை. இரண்டு நாள் கழித்து கிருஷ்ணம்மாள் வடிகஞ்சியில் உப்புப் போட்டு முதல் கரண்டியை அவர் வாயில் ஊற்றினாள். அவர் அதை விழுங்கிவிட்டு, "பூண்டு ரசம் கீதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும் நாளில் மேரிக்குட்டி கடைசியாக வந்து நின்றாள். புத்தகத் தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பூங்காவனத்திடம் கற்றுக்கொண்டதைக் கேட்டாள். "அய்யா, கீழ காத்து பிரியுதா?"

சிவப்பிரகாசம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ரெண்டும் வருதும்மா" என்றார்.

கம்பை ஊன்றி நடந்து, கம்பை விட்டு நடந்து, கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் அவர் தறிக்குழியில் காலை இறக்கினார். சுருட்டி வைத்த அரக்குப் பாவு தறியில் ஏறியது. வெளியே அடைமழை, கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தது. கிருஷ்ணம்மாள் சமையற்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தாள். மிதி இறங்கும் சத்தம், நாடா ஓடும் சத்தம், அச்சு அடிக்கும் சத்தம். ஒரு காயமும் இல்லாத வயிற்றை ஒட்டிப் படமரம் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

நாடா நின்றது.

எழுந்து கொல்லைக்குப் போகப்போகிறார், இந்த மழையில் கிணற்றடி வழுக்குமே என்று அவள் பதறிப்போய்ப் பூண்டைக் கீழே வைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. தும்மவும் இல்லை. தறிக்குழியிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. சின்னதுதான். ஆனால் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க," என்றாள் கிருஷ்ணம்மாள் உள்ளேயிருந்து, "ஜன்னல் தொறந்துகினா கீது? காத்து வருது?"

"சாத்திதான் கீது" என்றார் சிவப்பிரகாசம்.

நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. கிருஷ்ணம்மாள் அடுத்த பூண்டை எடுத்தாள்.

"நூறு" என்றாள்.